சுருட்டுப் பெட்டிப் பிடில்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்த எல்லாவற்றிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு என்பதால் சொல்கிறேன். ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த பிறகு எங்கள் லைனில் யாருக்கு லீவு லெட்டர் எழுத வேண்டுமென்றாலும், பேங்கில் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டுமென்றாலும் "அருள்பாண்டியக் கூப்பிடு" என்பார்கள். எழுத்து அழகாக இருந்தால் ஆளும் நல்லவனாகத்தான் இருப்பான் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் நிறைய. மாசானம் அதில் முதல் ஆள்.

நான் நாங்குநேரிப் பக்கம். அவன் ராதாபுரம். கார் கதவுக்குக் கீல் செய்கிற கம்பெனியில் இருவரும் ஒரே நாளில் டிரெய்னியாகச் சேர்ந்தோம். லைன் மூன்றில் பக்கத்துப் பக்கத்து மெஷின். படப்பையில் ஒரே ரூம், ஒரே கம்பெனி பஸ். மூன்று வருஷ டிரெய்னிங் முடிந்தால் பெர்மனென்ட் ஆக வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போக வேண்டும். வெளியே போனால் எங்களுக்கு வயது இருபத்தேழு. இந்த வட்டாரத்தில் கம்பெனிகளுக்குப் பத்தொன்பது வயதுப் பையன்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குகிறார்கள். இருபத்தேழு வயது ஆளை ஊசிப்போன சோற்றைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

ஆகஸ்ட் மாதம் காலை மீட்டிங்கில் சூப்பர்வைசர் சுப்பராயன் சொன்னார்: லைன் மூன்றுக்கு இந்த வருஷம் ஒரே ஒரு பெர்மனென்ட்தான். அவர் சொல்லும்போது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள்.

பஸ்ஸில் மாசானம் என் தோளில் கை போட்டான். "யாருக்குக் கெடச்சா என்னல? ஒனக்குக் கெடச்சா எனக்குக் கெடச்ச மாதிரி."

"ஆமால" என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்கு அவன் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

அவன் கைகள் அப்படி. பிரஸ் மெஷினின் அச்சில் தகடு லேசாகச் சாய்ந்தால் நான் அளவு கேஜ் வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். அவன் கட்டை விரலால் தடவிச் சொல்லிவிடுவான். ரூமில் ஃபேன் ஓடவில்லை என்றால் அவன். ஹவுஸ்கீப்பிங் முனியம்மாளின் மிக்சி எரிந்துபோனால் அவன். ஒரு பைசா வாங்க மாட்டான். நல்லவர்களோடு ஒரே ரூமில் இருந்து பார்த்தால்தான் தெரியும், எவ்வளவு எரிச்சலான காரியம் அது.

முனியம்மாள் பிள்ளைப்பாக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். எங்கள் பிளான்டில் கெஸ்ட் கேபின்களைப் பெருக்கித் துடைப்பது அவர் வேலை. புது பிரஸ் மெஷின் மாட்ட வந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் நாற்பது நாள் இங்கே இருந்துவிட்டுக் கிளம்பியபோது, அவருடைய குப்பைத் தொட்டியில் ஒரு காலிச் சுருட்டுப் பெட்டி கிடந்திருக்கிறது. மரப்பெட்டி. மூடியில் தங்க எழுத்து, முன்னால் குட்டிப் பித்தளைக் கொக்கி. முனியம்மாளுக்கு மனசு வரவில்லை. சாப்பாட்டுக் கூடைக்கு அடியில் வைத்து வெளியே கொண்டுவந்துவிட்டார். நாலு நாள் கழித்து பஸ் ஸ்டாப்பில் அதை மாசானத்திடம் நீட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"எனக்கு இன்னாத்துக்குப்பா இது? மஞ்சா வெச்சாலும் சுருட்டு நாத்தம் அடிக்குது. நீதான் எதுனா பண்ணிகினே இருப்பியே, எட்த்துக்கோ. யாராண்டயும் சொல்லாத. கேட்டுல பாத்திருந்தான்னா என் சீட்டு கிழிஞ்சிருக்கும்."

அவர் சொன்னது மிகையில்லை. எங்கள் கம்பெனியில் ஒரு நட்டு வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். குப்பைக்குப் போகிற கிழிந்த கையுறையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போன ஒருவனை முந்தின வருஷம் வேலையை விட்டே அனுப்பினார்கள். வீட்டில் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க எடுத்தானாம்.

மாசானம் பெட்டியைக் காதருகே வைத்து விரலால் தட்டினான். டொக்கென்று ஒரு சத்தம். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன்.

அன்று மத்தியானமே ஃபோனில் ஒரு வீடியோவைக் காட்டினான். ஏதோ ஒரு நாட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவன் இதே மாதிரிச் சுருட்டுப் பெட்டியில் குச்சியைச் செருகி, கம்பி கட்டி, பிடில் வாசித்துக்கொண்டிருந்தான். "பிடில் வாங்கணும்னா ஆயிரக்கணக்குல ஆவும். இது சும்மால்லா கெடக்கு" என்றான். அதுவரை அவன் ஒரு பீப்பி கூட ஊதியவனில்லை. எங்கள் ரூமில் மூன்றாவது ஆள் இசக்கிதுரை விழுந்து விழுந்து சிரித்தான்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் நாங்கள் சுருண்டு படுப்போம். இவன் பத்து மணி வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்து இழைப்பான். படப்பையில் புதிதாக வீடு கட்டும் மனைகளில் ஜன்னல் சட்டம் அறுத்து மிஞ்சிய தேக்குத் துண்டு ஒன்றை ஆசாரியிடம் கேட்டு வாங்கி வந்தான். அதுதான் பிடிலின் கழுத்து. கம்பிக்கு மெக்கானிக் கடையில் அறுந்த கிளட்ச் கேபிளைக் கேட்டு வாங்கி அதன் இழைகளைப் பிரித்தான். ஒரு இழை தனியாக, இரண்டு இழை முறுக்கி, மூன்று இழை முறுக்கி என்று மூன்று கம்பி. கம்பியைத் தூக்கி நிறுத்தும் பாலத்துக்குக் கொட்டாங்கச்சித் துண்டு. மூடியில் இரண்டு ஓட்டை போட்டான். அந்த ஓட்டைக்கு மட்டும் மூன்று நாள் ஆனது. ஆக்சா பிளேடு ஒரு நூல் விலகியிருந்தால் மெல்லிசுப் பலகை பிளந்திருக்கும்.

வில்லில்தான் மாட்டிக்கொண்டான். மூங்கில் கிடைத்துவிட்டது, அதில் கட்ட குதிரை வால் முடி வேண்டுமாம். படப்பையில் குதிரைக்கு எங்கே போவது? தூண்டில் நரம்பைக் கட்டிப் பார்த்தான். கம்பியில் வழுக்கிக்கொண்டு போனது, சத்தமே இல்லை. கதையைக் கேட்டு முனியம்மாள் தன் பழைய சவுரியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"அசல் முடிப்பா. நைலான் இல்ல. எனக்கு அம்மை போட்டப்ப கொட்ன முடிய சேத்து வெச்சி கட்டினது. இப்ப மண்டைல இன்னா கீது, சவுரி வெச்சிக்க?"

அந்த சவுரியைப் பிரித்து, சீவி, ஒரே நீளமாக அடுக்கி வில்லில் கட்டினான். முடி கம்பியைப் பிடிக்க ஏதோ பிசின் தடவ வேண்டுமென்று வீடியோவில் சொன்னார்களாம். முதலில் சாம்பிராணியை உரசினான். பிறகு நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் வாங்கிப் பொடித்துத் தடவினான். ஒரு வெள்ளிக்கிழமை வில்லைக் கம்பியில் வைத்து இழுத்தபோது, கதவிடுக்கில் வால் மாட்டிய பூனை கத்துவதைப் போல ஒரு சத்தம் வந்தது. கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து திட்டிவிட்டுப் போனார். மாசானத்துக்கு அது காதிலேயே விழவில்லை. "கேட்டியால? கேட்டியால?" என்று என்னைப் பிடித்து உலுக்கினான்.

கேட்டேன். எனக்குப் பொறாமை. இதற்கு வேறு நல்ல பெயர் ஒன்றும் கிடையாது. மூன்று வருஷமாக நானும் அதே சோறு தின்று, அதே பஸ்ஸில் ஏறி, அதே மெஷினில் நின்றேன். என் கையில் என்ன இருக்கிறது? அடுத்தவனுக்கு லீவு லெட்டர் எழுதத் தெரியும்.

அவனுக்குத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்றுதான். எங்கள் லைனில் ஏதாவது கோளாறு என்றால் தலைக்கு மேல் தொங்கும் மஞ்சள் கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தால் லைன் நிற்கும். கூடவே ஸ்பீக்கரில் ஒரு சின்ன மெட்டு ஓடும். ஒவ்வொரு லைனுக்கும் ஒரு மெட்டு. எங்கள் மெட்டைக் கேட்டால் சுப்பராயன் எங்கே இருந்தாலும் ஓடி வர வேண்டும். ஷிஃப்டுக்கு முப்பது தடவை கேட்டுக் கேட்டு எங்கள் ரத்தத்தில் ஊறிய சங்கீதம் அது. மாசானம் அதைத்தான் பிடிலில் தேடிக் கண்டுபிடித்தான். ஒன்றரை மாதம் ஆனது. கடைசியில் ஒரு நாள் மாடியிலிருந்து அந்த மெட்டு பிசிறில்லாமல் வந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த இசக்கிதுரை பதறி எழுந்து கையை மேலே தூக்கிக் கயிற்றைத் தேடினான்.

நவம்பரில் கம்பெனியில் சுத்த மாதம் கொண்டாடினார்கள். போஸ்டர் போட்டி, கோலப் போட்டி, அதோடு 'கழிவிலிருந்து கலை' என்று ஒரு போட்டி. வேண்டாத பொருளில் ஏதாவது செய்து கொண்டுவர வேண்டும். முதல் பரிசு வாங்குகிறவனுக்கு பிளான்ட் ஹெட் கையால் சர்டிஃபிகேட். அது அவன் ஃபைலில் ஏறும். பெர்மனென்ட் லிஸ்ட் டிசம்பரில். சுப்பராயனே மாசானத்திடம் "எதையோ செஞ்சிருக்கியாமே, கொண்டாடா" என்றார்.

ஃபாரம் நிரப்ப அவன் வழக்கம்போல என்னிடம் வந்தான். அதில் ஒரு கட்டம்: பயன்படுத்திய பொருள்கள், அவை கிடைத்த இடம். கீழே பொடி எழுத்தில், நம் பிளான்டின் கழிவுப் பொருளாக இருந்தால் கூடுதலாக இருபது மதிப்பெண்.

"மெக்கானிக் கடை, ஆசாரி, நாட்டு மருந்துக் கடைன்னா மார்க்கு வராதுல" என்றேன். "எல்லாம் லைன் மூணு ஸ்கிராப் தொட்டின்னு போட்டுருவோம்."

"பொய்ல்லா அது?"

"மார்க்குக்குத்தான். எவன் வந்து பாக்கப் போறான்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "பெட்டிக்கு முனியம்மாக்கா பேரு எங்கயும் வந்துரக் கூடாது, பாத்துக்க" என்றான். பிறகு கையெழுத்துப் போட்டான். அவன் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதற்கு மேலே என் எழுத்து முத்து முத்தாக: கம்பி, லைன் 3 ஸ்கிராப் தொட்டி. மரம், லைன் 3 ஸ்கிராப் தொட்டி. பெட்டி, லைன் 3 ஸ்கிராப் தொட்டி.

எழுதும்போது எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். ஆனால் கையுறை எடுத்தவன் கதை அப்போதும் எனக்குத் தெரியும். மாசானத்துக்கும் தெரியும். வித்தியாசம் என்னவென்றால், அவன் அதை மறந்திருந்தான்.

போட்டி கேன்டீன் ஹாலில் நடந்தது. ஸ்பார்க் பிளக்கில் பிள்ளையார், கேபிள் டையில் மயில், பாட்டில் மூடியில் இந்தியா மேப் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். மாசானம் மேடையேறிப் பிடிலைத் தோளில் வைக்காமல், தரையில் உட்கார்ந்து மடியில் நிறுத்தி வாசித்தான். எங்கள் லைன் மெட்டு ஹாலில் எழுந்ததும், முன்வரிசையில் இருந்த சுப்பராயன் விருட்டென்று எழுந்து வாசல் பக்கம் இரண்டடி ஓடிவிட்டார். ஹாலே அதிர்ந்தது. பிளான்ட் ஹெட்டுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். மேடைக்கு வந்து மாசானத்தின் தோளைத் தட்டி, சுப்பராயனைப் பார்த்து, "இந்த மாதிரிப் பையனைத்தான்யா நாம விடக் கூடாது" என்றார். முதல் பரிசு.

இந்த மாதிரிப் பையனை விடக் கூடாது. அப்படியென்றால் எந்த மாதிரிப் பையனை விடலாம்? எனக்குக் கை தட்டக் கை எழவில்லை. சுற்றிலும் எல்லோரும் தட்டியதால் தட்டினேன்.

நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். மாலையில் பஸ் ஏறப் போகும்போது கேட்டில் செக்யூரிட்டி ஆபீசர் வனமாமலை நின்றார். எங்கள் பக்கத்து ஊர்க்காரர். ஆளைப் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசாமல் விட மாட்டார். "ஒங்க ரூம்காரன் பின்னிட்டானே" என்றார்.

"ஆமாண்ணாச்சி. எல்லாம் ஸ்கிராப் தொட்டில எடுத்ததுன்னு எழுதிக் குடுத்துருக்கான். நீங்கதான் கேட் பாஸ் போட்டுக் குடுத்தியளா?"

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கேட் பாஸ் இல்லாமல் ஸ்கிராப் வெளியே போனது என்றால் முதலில் போவது அவர் வேலை. நான் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். அவர் ஃபோனை எடுப்பது தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து எச்.ஆர். ரூமில் விசாரணை. ஒரே ரூம்காரன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேஜை மேல் பிடில், வில், நான் எழுதிய ஃபாரம். எச்.ஆர். ரகு குரலை உயர்த்தாத ஆள். அவர் திட்டினால்கூட ஏ.சி. சத்தத்தை மீறிக் கேட்காது.

"கம்பி எங்க எடுத்தீங்க?"

"படப்பைல மெக்கானிக் கடைல சார். அறுந்த கிளட்ச் கேபிள். கடைக்காரர வேணா கேட்டுப் பாருங்க."

"ஸ்கிராப் தொட்டின்னு எழுதியிருக்கீங்களே."

"அது... மார்க்கு கெடைக்கும்னு எழுதுனது சார்."

"யார் எழுதினது?"

மாசானம் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமில்லை. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற நிம்மதிதான் இருந்தது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"எழுத்து என்னோடதுதான் சார்" என்றேன். "அவன் சொல்லச் சொல்ல எழுதுனேன். எங்க எடுத்தான்னு எனக்குத் தெரியாது."

ரகு தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் திருப்பினார். "இது அந்த எஞ்சினியர் பிடிச்ச சுருட்டோட பெட்டி, கெஸ்ட் கேபின்ல இருந்தது. கம்பியை விடுங்க, இது எப்படி கேட் தாண்டிச்சு?"

கேபினைச் சுத்தம் செய்கிறவர் யார் என்று ரகுவே கேட்டு முனியம்மாளை வரவழைத்தார். அவர் துடைப்பத்தைக் கதவுக்கு வெளியே சாத்திவிட்டு முந்தானையைப் போர்த்திக்கொண்டு நின்றார்.

"இந்தப் பெட்டியப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

"இவருக்கு நீங்க குடுத்தீங்களா?"

"அய்யய்ய, நான் எதுக்கு சார் குடுக்கறேன்? இந்தத் தம்பி யாருன்னே எனக்குத் தெரியாது. குப்பய வாரிக் கொட்றதோட சரி. நான் ஒண்ணியும் பாக்கல சார்."

சொல்லும்போது அவர் கண் மேஜை மேல் இருந்த வில்லில் போய் நின்றது. அவருடைய சொந்த முடி அது. நரை கலந்து, சீவி வாரி, குங்கிலியம் பூசி விறைப்பாக நின்றது. மாசானமும் அதைப் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்; அந்த முடியை எடுத்து அவர் தலையோடு வைத்தாலே தெரிந்துவிடும்.

"கேபினுக்கு வெளிய கெடந்துச்சு சார். நான்தான் எடுத்தேன்" என்றான் மாசானம்.

முனியம்மாள் போய்விட்டார். துடைப்பத்தை எடுக்கக்கூட மறந்துவிட்டார்.

போலீசுக்குப் போனால் அவன் எதிர்காலம் கெட்டுவிடும் என்றும், கம்பெனி அவ்வளவு கல்நெஞ்சம் இல்லை என்றும், அவனாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றும் ரகு சொன்னார். மாசானம் பேனாவை வாங்கினான். இரண்டு வரி எழுதினான். ரகு வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைப் படிக்கவே முடியலையே" என்று என்னிடம் நீட்டினார். "அருள்பாண்டி, நீங்க எழுதுங்க."

எழுதினேன். சொந்தக் காரணங்களால், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதோடு. அவன் அடியில் கோழி கிளறினான்.

"பிடில எடுத்துக்கட்டுமா சார்?" என்று கேட்டான்.

"கம்பெனி ஸ்கிராப்னு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார் ரகு.

அன்று மத்தியானமே ரூமைக் காலி செய்தான். பையைத் தூக்கும்போது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்தது. மாடியில் கிடந்த மரத்தூளைப் பெருக்கி அள்ளிவிட்டுப் போனான்.

டிசம்பரில் நான் பெர்மனென்ட். ஊரில் அம்மா சுடலைமாடனுக்குக் கிடா வெட்டினாள். பிடிலை ரிசப்ஷனில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். முதல் பரிசு வாங்கிய பொருளை வைக்காமல் இருக்க முடியாது. அனுப்பிவிட்டவன் பெயரை எழுதவும் முடியாது. ஃபாரத்தில் இருந்த எழுத்து யாருடையது என்று பார்த்து ரகு ஒரு வழி கண்டுபிடித்தார். கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டை கட்டினார்கள்: அருள்பாண்டி, லைன் 3. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளிநாட்டு கஸ்டமர்கள் வந்தபோது ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். இழுத்தேன். வாலில் மிதிபட்ட நாய் மாதிரிக் கத்தியது. அவர்கள் மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

ஒன்றரை வருஷம் போனது. நான் இப்போது லைனில் சுத்தக் கமிட்டி மெம்பர். முப்பது நாள் யாரும் பயன்படுத்தாத பொருளில் சிவப்பு அட்டை கட்ட வேண்டும்; கட்டியது ஸ்கிராப் யார்டுக்குப் போக வேண்டும். போன மாதம் ஆடிட்டுக்கு முன்னால் ரகு ரிசப்ஷனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "இது இன்னும் எதுக்கு? தூசி. எடுத்துடுங்க" என்றார். நானே சிவப்பு அட்டை எழுதிக் கட்டினேன். நானே தூக்கிக்கொண்டு போனேன்.

யார்டில் மண்ணூர் ஸ்கிராப் வியாபாரியின் லாரி நின்றது. பின்தட்டைத் திறந்து வைத்து ஒருவன் தகட்டு வெட்டுகளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். முழங்கை வரை கிரீஸ், தலையில் துண்டு. திரும்பினான். மாசானம்.

அவன் இந்த லாரியில் வருகிறான் என்று இசக்கிதுரை ஒரு தடவை சொல்லியிருந்தான். அதனாலேயே நான் யார்டுப் பக்கம் போவதைத் தவிர்த்து வந்தேன். திருட்டுப் பட்டம் கட்டி விரட்டிய அதே கேட் வழியாக அவன் வாரம் மூன்று தடவை வந்து, டன் கணக்கில் ஸ்கிராப்பை ஏற்றிக்கொண்டு, வனமாமலை கையெழுத்துப் போட்ட பாஸோடு வெளியே போய்க்கொண்டிருந்தான். லோடுமேன் யார் என்று எவன் முகத்தைப் பார்க்கிறான்?

"ஏ மாசானம்" என்றேன். "எப்படில இருக்க?"

அவன் என் கையில் இருந்ததைப் பார்த்தான். வந்து வாங்கினான். முதலில் சிவப்பு அட்டையைப் படித்தான். அதற்கு அடியில் இருந்த பழைய அட்டையைத் திருப்பி அதையும் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"அருள்பாண்டி, லைன் மூணு." கட்டை விரலால் கழுத்தை ஒரு தடவை தடவினான். "ஏல, நல்லா செஞ்சிருக்க."

இந்த ஒன்றரை வருஷத்தில் நான் வாய்விட்டு மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் எதிரில் நிற்கிறான், எனக்கு வந்தது இவ்வளவுதான்: "ஏல, நீயே வெச்சுக்க. எடுத்துட்டுப் போ. யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

"கேட் பாஸ் இருக்கா?" என்றான்.

கிண்டலாகக் கேட்கவில்லை. லோடுமேன் கேட்பது போலத்தான் கேட்டான். என்னிடம் இருந்தது சிவப்பு அட்டை மட்டும்தான். அவன் பிடிலை லாரியின் பின்தட்டில் சாய்த்து, முழங்காலால் ஒரு அழுத்து. தேக்குக் கழுத்து படக்கென்று முறிந்தது. கம்பிகளைச் சுருட்டி இரும்புக் குவியலில் எறிந்தான். பெட்டியைக் காலால் மிதித்து நசுக்கி மரக் குவியலில் போட்டான். கழுத்தும் அங்கே போனது. பித்தளைக் கொக்கியை மட்டும் நெம்பி எடுத்துத் தனி டப்பாவில் போட்டான். ஒன்றரை மாதம் மெட்டுத் தேடியவன், அரை நிமிஷத்தில் முடித்துவிட்டான்.

"மரம் தனி, இரும்பு தனி, பித்தள தனி. சேத்துப் போட்டா எடை போடுத எடத்துல ஏசுவாவ" என்றான்.

கடைசியாக வில். மூங்கிலை ஒடித்தான். முடியைக் கையில் பிடித்து, எந்தக் குவியலில் போடுவதென்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு என் கையை இழுத்து அதில் வைத்தான்.

"இது எதுலயும் சேராது. நீ வெச்சுக்க."

லாரி கிளம்பியது. கேட்டில் பாஸைக் காட்டிவிட்டு வெளியே போனது. லைன் பக்கமிருந்து எங்கள் மெட்டு கேட்டது. யாரோ கயிற்றை இழுத்திருக்கிறார்கள். நான் போக வேண்டும். கையில் ஒரு பிடி முடி. யார்டில் ஆறு தொட்டிகள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருக்கிறது, ஐந்தில் என் கையெழுத்து. முடிக்கு ஒரு தொட்டி இல்லை.

யார்டைப் பெருக்கிக்கொண்டு முனியம்மாள் வந்தார். "இன்னாபா கைல?" என்றார். விரித்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை; நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

குப்பை முறத்தை என் பக்கம் நீட்டினார்.

"போடு. எனக்கு வேல கீது."

போட்டேன்.